திங்கட்கிழமையும் வேலை செய்த போதகர்

வாரத்தில் ஒரு நாள் மட்டும் வேலை செய்பவர்கள் என்று போதகர்களைப் பகிடி பண்ணுபவர்கள் உண்டு. அந்தப் பகிடியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் ரிச்சர்ட் பக்ஸ்டர். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பெயர்பெற்ற பிரசங்கியார்களில் ஒருவர். ஆனால் பிரசங்கம் செய்வதைத் தன் வேலையின் ஒரு பகுதியாக மட்டுமே அவர் பார்த்தார். ஒரு போதகரின் வேலை நாள் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர் கண்டுபிடித்த பதிலில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. அது ஒரு நேரசூசி.

1615 இல் ஷ்ரொப்ஷயரில் பிறந்த பக்ஸ்டர் பல்கலைக்கழகம் போனவரல்லர். தானாகவே வாசித்துப் படித்தவர். வாழ்நாள் முழுவதும் நோயாளி. 1641 இல் கிட்டர்மின்ஸ்டர் என்ற நெசவாளர் ஊருக்குப் பிரசங்கியாராக வந்தார். அடுத்த வருடமே மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையில் உள்நாட்டுப் போர் வெடித்தது. பக்ஸ்டர் பாராளுமன்றப் பக்கம் சாய்ந்தவர். அந்தப் பகுதியோ பெரும்பாலும் மன்னர் பக்கம். ஊரிலிருந்த ஒரு கும்பல் பொல்லுகளோடு அவரைத் தேடியது. அவர் ஊரை விட்டு வெளியேறினார். பிறகு பாராளுமன்றப் படையில் மதகுருவாகப் பணியாற்றினார். உடல் முற்றாகத் தளர்ந்த பின், 1647 இல், தன்னைத் துரத்திய அதே ஊருக்குத் திரும்பி வந்தார்.

போருக்குப் பின் ஓர் ஊர் எப்படியிருக்கும் என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரே தெருவில் இரண்டு பக்கத்துக்கும் போராடியவர்கள் இருப்பார்கள். பக்ஸ்டர் அங்கே நல்ல பிரசங்கங்கள் செய்தார். ஆலயத்தில் இடம் போதாமல் மேல்மாடங்கள் கட்ட வேண்டியிருந்தது. வேறு யாராவது என்றால் அதோடு திருப்திப்பட்டிருப்பார்கள்.

அவரைத் திருப்திப்பட விடாத விடயம் ஒன்று இருந்தது. வருடக்கணக்காகத் தன் முன்னால் அமர்ந்து பிரசங்கம் கேட்டவர்களிடம் தனியே பேசிப் பார்த்தபோது, அவர்களில் சிலருக்கு விசுவாசத்தின் அடிப்படையே விளங்கியிருக்கவில்லை என்று கண்டார். பல வருடப் பிரசங்கம் செய்யாததை அரை மணிநேர நேர்ப்பேச்சு செய்துவிடுவதையும் கவனித்தார். எவ்வளவு பேர் வந்து கேட்டார்கள் என்ற எண்ணிக்கையை வைத்துத் தங்கள் வேலையை அளப்பவர்கள் எல்லோருக்கும் இது சங்கடமான செய்தி. ஊடகத்துறையில் இருக்கும் எனக்கும்தான்.

அப்போதுதான் அந்த நேரசூசி வந்தது. பங்கில் 800க்கு மேற்பட்ட குடும்பங்கள். பக்ஸ்டரும் அவருடைய உதவியாளரும் ஒவ்வொரு திங்களும் செவ்வாயும் காலையிலிருந்து கிட்டத்தட்ட இரவு வரை இதற்கென்றே ஒதுக்கினார்கள். இருவருமாக வாரத்துக்கு 15 அல்லது 16 குடும்பங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஏறத்தாழ ஒரு வருடத்தில் முழுப் பங்கையும் சந்தித்துவிடலாம். நகரத்துக் குடும்பங்கள் பக்ஸ்டரின் வீட்டுக்கு வந்தன. சுற்றுக் கிராமங்களுக்கு உதவியாளர் போனார். ஒரு குடும்பத்துக்குச் சுமார் ஒரு மணிநேரம். முதலில் வினாவிடை, பிறகு அதன் பொருள், பிறகு அவர்களுடைய சொந்த வாழ்க்கை. மற்றவர்கள் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுவார்கள் என்பதால் வெளியாட்கள் எவரையும் அந்த அறைக்குள் விடமாட்டார்.

மற்ற நாட்களும் சும்மா போகவில்லை. வியாழன் மாலைகளில் அவருடைய வீட்டில் ஒரு கூட்டம் நடக்கும். பிரசங்கத்தில் எழுந்த சந்தேகங்களை அங்கே கேட்கலாம். ஊரில் வைத்தியர் இல்லாததால் சில வருடங்கள் அவரே காசு வாங்காமல் மருந்து கொடுத்தார். அவருடைய வாசலில் நோயாளிகள் கூட்டமாக நின்றார்கள். ஆனால் அந்த வேலை தன் நேரத்தை விழுங்குகிறது, தவறு செய்தால் உயிர் போகும் என்று உணர்ந்ததும், படித்த வைத்தியர் ஒருவரை ஊருக்கு வரவழைத்துவிட்டுத் தான் விலகிக்கொண்டார். தனக்குத் தெரியாத வேலையைத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதும் போதகரின் வேலைதான் என்பதை எனக்கு உணர்த்திய இடம் இது.

1655 டிசம்பரில் அயலிலுள்ள போதகர்கள் இந்த முறையைத் தாங்களும் தொடங்குவதென்று கூடினார்கள். பேச வேண்டிய பக்ஸ்டர் நோயில் படுத்துவிட்டார். பேச முடியாமல் போனதை எழுதினார். 1656 இல் வெளிவந்த 'சீர்திருந்திய போதகர்' என்ற அந்த நூலை இன்றும் இறையியல் மாணவர்கள் படிக்கிறார்கள். போதகர் முதலில் தன்னைக் கவனிக்க வேண்டும், பிறகுதான் மந்தையை என்பது அதன் ஆதாரம்.

அவரைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. வாதம் என்று வந்தால் நிறுத்தத் தெரியாதவர். நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை எழுதிக் குவித்தார். பேய்களையும் சூனியக்காரிகளையும் உறுதியாக நம்பி, கடைசிக் காலத்தில் அதற்கும் ஒரு நூல் எழுதினார். போதகர்கள் தனித்திருப்பதே நல்லது என்று கருதியவர், ஊழியத்தை இழந்த பின் 1662 இல் மார்கரெட் சார்ல்டனை மணந்தார். நடைமுறைச் சிக்கல்களில் வழிகாட்டுவதில் மனைவி தன்னைவிடத் திறமையானவர் என்று, அவர் இறந்த பின் பக்ஸ்டரே எழுதி வைத்தார்.

ஊழியத்தை இழந்த கதை இதுதான். 1660 இல் மன்னராட்சி திரும்பியது. பக்ஸ்டருக்கு ஹெரிபோர்ட் ஆயர் பதவி தர முன்வந்தார்கள். அவர் மறுத்தார். கிட்டர்மின்ஸ்டருக்குத் திரும்பிப் போக மட்டும் அனுமதி கேட்டார். உதவிக் குருவானவராக, சம்பளமின்றி என்றாலும் சரி என்றார். கிடைக்கவில்லை. 1662 இல் வந்த ஒரே வழிபாட்டுச் சட்டம் அவரையும் ஏறத்தாழ 2000 போதகர்களையும் திருச்சபைக்கு வெளியே தள்ளியது. பிறகு தடைகள், கைதுகள். 1685 இல், 70 வயதை நெருங்கிய நோயாளியாக, தன் எழுத்துக்காக நீதிமன்றத்தில் அவமானப்படுத்தப்பட்டுச் சிறை போனார். 1691 டிசம்பரில் இலண்டனில் இறந்தார்.

1875 இல் கிட்டர்மின்ஸ்டரில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அவரை வெளியேற்றிய திருச்சபையைச் சேர்ந்தவர்களும், வெளியேற்றப்பட்டவர்களின் வழிவந்த சபையினரும் சேர்ந்து எழுப்பிய சிலை அது. ஆயர் பதவியை விட அவர் பெரிதாக நினைத்தது அந்த ஊரில் ஒரு சாதாரண திங்கட்கிழமையை. அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு நெசவாளர் குடும்பத்தோடு ஒரு மணிநேரம் உட்கார்ந்திருப்பதை.