இறந்த பின் முடிசூடிய கார் பந்தய வீரர்

உலக சாம்பியன் பட்டம் பெற்றவர்கள் எத்தனையோ பேர் உண்டு. மேடை ஏறி, மாலை அணிந்து, கோப்பையைத் தூக்கிக் காட்டி, ரசிகர்களைப் பார்த்துக் கையசைத்தவர்கள் அவர்கள்.

ஆனால் 1970-ம் ஆண்டில் பட்டம் பெற்றவருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பட்டம் அவருக்குத்தான் என்று முடிவானபோது, அவரைப் புதைத்து மூன்று வாரங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

அவர் பெயர் யோகன் ரிண்ட். ஆஸ்திரியாவின் புகழ் பெற்ற கார் பந்தய வீரர். 28 வயதில் மாண்டார். 'பார்முலா 1' பந்தய வரலாற்றில் இறந்த பின் உலக சாம்பியன் ஆனவர் இன்று வரை அவர் ஒருவரே.

குண்டு வீச்சில் இறந்த பெற்றோர்

ரிண்ட் 1942-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி ஜெர்மனியில் உள்ள மைன்ஸ் நகரில் பிறந்தார். தந்தை ஜெர்மானியர், மசாலாப் பொருள் அரைக்கும் ஆலையின் சொந்தக்காரர். தாயார் ஆஸ்திரியப் பெண்.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்தது. 1943-ம் ஆண்டு ஜூலையில் ஹாம்பர்க் நகர் மீது விமானங்கள் குண்டு மாரி பொழிந்தன. அதில் ரிண்டின் தாயும் தந்தையும் பலியானார்கள். குழந்தைக்கு வயது ஒன்றேகால்.

தாய்வழித் தாத்தாவும் பாட்டியும் பேரனை ஆஸ்திரியாவில் உள்ள கிராஸ் நகருக்குக் கொண்டு போய் வளர்த்தனர். செல்லமாக வளர்ந்த பிள்ளை. அடக்குவார் இல்லை. பனிச்சறுக்கு விளையாட்டில் தொடை எலும்பு முறிந்தது. பல முறை அறுவை சிகிச்சை செய்தும் ஒரு கால் மற்றதைவிட 4 சென்டி மீட்டர் குட்டையாகிவிட்டது. அதனால் கடைசி வரை லேசாக விந்தி விந்தித்தான் நடந்தார்.

நடையில் குறை இருந்தது. கார் ஓட்டத்தில் குறை இல்லை. லைசென்சு வாங்கும் வயது வருவதற்கு முன்பே தெருவில் கார் ஓட்டி, போலீசாரிடம் பலமுறை சிக்கியவர் அவர்.

வேலிக்கு வெளியே நின்ற ரசிகர்

1961-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்ற இடத்தில் பெரிய பந்தயம். அதைப் பார்க்கப் பள்ளித் தோழர்களுடன் புறப்பட்டுப் போனார் ரிண்ட். தோழர்களில் ஒருவர் ஹெல்முட் மார்கோ. பின்னாளில் அவரும் பந்தய வீரர் ஆனார்.

அங்கே கூடியிருந்த கூட்டம் முழுவதும் ஒருவரின் பெயரைத்தான் சொல்லிக் கொண்டிருந்தது. வொல்ப்காங் வான் டிரிப்ஸ் என்ற ஜெர்மன் வீரர். பெராரி கார் ஓட்டியவர். அந்த ஆண்டு சாம்பியன் பட்டம் அவருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தனர். 19 வயது ரிண்டும் அவருடைய ரசிகரானார்.

சில வாரங்களே கழிந்தன. செப்டம்பர் 10-ந் தேதி இத்தாலியில் மான்சா பந்தயம். புள்ளிப் பட்டியலில் டிரிப்ஸ்தான் முதல் இடம். தகுதி ஓட்டத்திலும் அவருக்கே முதல் இடம். ஆனால் பந்தயம் தொடங்கிய சிறிது நேரத்தில், 'பரபோலிகா' என்ற வளைவை நெருங்கும்போது அவருடைய கார் இன்னொரு காருடன் உரசி, கரை மீது ஏறி, கூட்டத்தில் பாய்ந்தது. டிரிப்ஸ் இறந்தார். வேடிக்கை பார்த்த 15 பேரும் இறந்தனர். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம், அவருடன் அதே அணியில் ஓட்டிய பில் ஹில்லுக்குப் போயிற்று.

மான்சா, பரபோலிகா என்ற இந்த இரண்டு பெயர்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

ஒரே நாளில் புகழ்

தந்தையின் மசாலா ஆலை ரிண்டுக்குச் சொத்தாக வந்தது. அந்தப் பணம் பந்தயக் காருக்கு முதல் ஆயிற்று. 1964-ம் ஆண்டு மே மாதம் லண்டன் கிறிஸ்டல் பேலஸ் மைதானத்தில் நடந்த 'பார்முலா 2' பந்தயத்தில், முன்னாள் உலக சாம்பியன் கிரஹாம் ஹில்லை அவர் முந்தினார். யார் இந்தப் பையன் என்று இங்கிலாந்து வியந்தது.

மறு ஆண்டே பிரான்சில் 24 மணி நேரம் இடைவிடாமல் நடக்கும் லெமான்ஸ் பந்தயத்தில், மாஸ்டன் கிரிகரி என்ற அமெரிக்கருடன் மாறி மாறி ஓட்டி வெற்றி பெற்றார்.

ஆனால் உலக சாம்பியன் பட்டத்துக்குக் கணக்கில் வரும் 'கிராண்ட் பிரீ' பந்தயங்களில் வெற்றி எளிதில் கிட்டவில்லை. கார் நன்றாக ஓடினால் வழியில் நின்றுவிடும். நிற்காமல் ஓடினால் வேகம் போதாது. இப்படியே ஐந்து ஆண்டுகள் போயின.

இதற்கிடையே ஆஸ்திரியா முழுவதும் அவர் பெயர் பரவியது. டெலிவிஷனில் மோட்டார் நிகழ்ச்சி நடத்தினார். வியன்னாவில் அவர் பெயரால் பந்தயக் கார் கண்காட்சி நடந்தது. மலையும் பனிச்சறுக்குமே பேச்சாக இருந்த நாட்டில் பையன்கள் கார் பந்தயம் பேசத் தொடங்கினர்.

1967-ல் பின்லாந்து நாட்டு அழகி நீனாவை மணந்தார். மறு ஆண்டு ஒரு பெண் குழந்தை பிறந்தது.

வேகமா, உயிரா?

1969-ல் ரிண்ட் 'லோட்டஸ்' கம்பெனியில் சேர்ந்தார். அதன் அதிபர் கோலின் சாப்மன். கார் அமைப்பதில் மேதை. எடையைக் குறைத்தால் வேகம் கூடும் என்பது அவர் கொள்கை. எடை குறைந்தால் உறுதியும் குறையுமே என்பது ரிண்டின் அச்சம்.

அந்த அச்சம் வீண்போகவில்லை. அதே ஆண்டு ஸ்பெயின் பந்தயத்தில் முன்னணியில் ஓடும்போது காரின் பின்புற இறக்கை ஒடிந்தது. கார் நொறுங்கியது. ரிண்ட் முகத்தில் எலும்பு முறிவோடு தப்பினார். காரை உறுதியாகக் கட்டுங்கள், வேகம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை என்ற கருத்தில் சாப்மனுக்குக் கடிதமும் எழுதினார்.

ஆனாலும் லோட்டசை விட்டு அவர் போகவில்லை. அதைவிட வேகமான கார் வேறு இல்லை. அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் முதல் கிராண்ட் பிரீ வெற்றியைப் பெற்றார்.

வெற்றி மேல் வெற்றி. சாவு மேல் சாவு

1970-ம் ஆண்டு ரிண்டின் ஆண்டு. மே மாதம் மொனாக்கோ பந்தயத்தின் கடைசிச் சுற்றில் கடைசி வளைவு. முன்னால் சென்ற ஜாக் பிராபம் பதற்றத்தில் காரை ஓரத்தில் மோத, ரிண்ட் முந்திச் சென்று வெற்றி பெற்றார்.

பிறகு ஆலந்து, பிரான்ஸ், இங்கிலாந்து, ஜெர்மனி என்று வரிசையாக நான்கு வெற்றி. முதல் இடத்துக்கு 9 புள்ளி என்ற கணக்கில் ஐந்து வெற்றிக்கு 45 புள்ளிகள் சேர்ந்தன.

அதே மாதங்களில் சாவும் தொடர்ந்து வந்தது. ஜூன் 2-ந் தேதி புரூஸ் மக்லாரன் கார் சோதனையின்போது இறந்தார். அதே மாதம் 21-ந் தேதி ஆலந்து பந்தயத்தில் ரிண்டின் நெருங்கிய நண்பர் பியர்ஸ் கரேஜ், எரியும் காரில் மாண்டார். அன்று வெற்றி மேடையில் நின்ற ரிண்டின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. பட்டத்தை வென்றதும் பந்தயத்தை விட்டு விலகலாமா என்ற எண்ணம் அவருக்கு வந்திருந்தது.

ஆகஸ்டு 16-ந் தேதி சொந்த நாட்டில், ஆஸ்திரியாவில் பந்தயம். மலைச்சரிவெங்கும் மனிதத் தலைகள். தகுதி ஓட்டத்தில் ரிண்ட் முதல் இடம் பிடித்ததும் ரசிகர்களுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லை தாண்டி வந்த இத்தாலிய ரசிகர்கள் பெராரிக்குக் கோஷம் போட்டனர். மறுநாள் பந்தயத்தில் ரிண்டின் எஞ்சின் பழுதாகி நின்றது. வெற்றி பெராரியில் ஓட்டிய பெல்ஜிய வீரர் ஜாக்கி இக்சுக்கு.

புள்ளிக் கணக்கு இப்படி நின்றது: ரிண்ட் 45, பிராபம் 25, ஹல்ம் 20, இக்ஸ் 19, ஸ்டூவர்ட் 19. மீதி நான்கு பந்தயங்கள். அடுத்த பந்தயம் மான்சாவில்.

மான்சாவில் அந்த இரண்டு நாட்கள்

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்றால் வெள்ளி, சனி இரு நாட்களும் தகுதி ஓட்டம். ஒரு சுற்றை யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவர் முதலில் நிற்பார். மற்றவர்கள் அவர்களுடைய நேரத்துக்கு ஏற்றபடி பின்னால் நிற்பார்கள்.

மான்சா, மிலான் நகருக்கு அருகே பெரிய பூங்காவுக்குள் அமைந்த பாதை. அங்கே வேகம்தான் எல்லாம். பெராரியின் 12 சிலிண்டர் எஞ்சின் நேர்ப்பாதையில் பறந்தது. அதற்கு ஈடு கொடுக்க லோட்டஸ் காரின் இறக்கைகளைக் கழற்றிவிட்டார்கள். காற்றின் தடை குறையும், வேகம் கூடும். ஆனால் இறக்கை இல்லாத கார் தரையைக் கவ்விப் பிடிக்காது. அதே அணியின் ஜான் மைல்ஸ், கார் நேராகவே ஓடவில்லை என்று குறைப்பட்டார். வெள்ளிக்கிழமை இன்னொரு லோட்டசை ஓட்டிய இளம் வீரர் எமர்சன் பிட்டிபால்டி பரபோலிகாவில் பாதையை விட்டுப் பறந்து, காயம் இல்லாமல் தப்பினார்.

ரிண்டுக்கு மட்டும் அந்த வேகம் பிடித்திருந்தது.

செப்டம்பர் 5, சனிக்கிழமை. ரிண்ட் பாதையில் இறங்கினார். ஐந்தாவது சுற்று. பரபோலிகா வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த டென்னி ஹல்ம் கண் எதிரே, லோட்டஸ் இப்படியும் அப்படியும் ஆடி, சட்டென்று இடது பக்கம் திரும்பி இரும்புத் தடுப்பில் மோதியது.

அந்தக் காரில் முன் பிரேக்குகள் சக்கரத்தில் இல்லை. காரின் உடலுக்குள் இருந்தன. சக்கரத்தையும் பிரேக்கையும் ஒரு தண்டு இணைத்தது. வலது பக்கத் தண்டு முறிந்துவிட்டது. சாலையோரத் தடுப்பும் சரியாகப் பொருத்தப்படவில்லை. காரின் மூக்கு அதன் அடியில் புகுந்து கம்பத்தில் மோதியது.

கால்களுக்கு நடுவே மாட்ட வேண்டிய பட்டையை ரிண்ட் மாட்டிக் கொள்வதில்லை. தீப்பிடித்தால் விரைவாக வெளியேற வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கே அவருக்கு எமனாயிற்று. மோதிய வேகத்தில் உடல் கீழே சறுக்க, மற்றப் பட்டை கழுத்தை அறுத்தது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

ரிண்ட் காரை ஓட்டும்போது கடிகாரத்தைக் கையில் வைத்துக் கொண்டு நேரம் குறிப்பது நீனாவின் வழக்கம். அந்தச் சுற்றுக்குக் குறிக்க நேரம் இல்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் டிரிப்ஸ் மாண்டது அதே மைதானத்தில், அதே வளைவை நெருங்கும்போது. அவரும் அப்போது புள்ளிப் பட்டியலில் முதல் இடத்தில் இருந்தார்.

பென்சிலும் காகிதமுமாக ரசிகர்கள்

மறுநாள் பந்தயம் நடந்தது. லோட்டஸ் கார்கள் விலகிக் கொண்டன. பெராரியில் ஓட்டிய கிளே ரெகசோனி வென்றார். இத்தாலிய ரசிகர்கள் பாதைக்குள் வெள்ளமாகப் புகுந்து அவரைத் தூக்கிக் கொண்டாடினர். கிராஸ் நகரில் ஆயிரக்கணக்கான மக்கள் ரிண்டுக்குக் கண்ணீருடன் விடை கொடுத்தனர்.

அதன் பிறகு ரசிகர்களுக்கு விசித்திரமான வேலை வந்தது. ரிண்டின் 45 புள்ளி இனி ஏறாது. அதை யாராவது தாண்டுவார்களா? மீதி மூன்று பந்தயங்கள். பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்தார்கள்.

செப்டம்பர் 20, கனடா. இக்ஸ் வென்றார். அவருக்கு 28 புள்ளி. மீதி இரண்டையும் வென்றால் 46. ஒரே ஒரு புள்ளியில் ரிண்டை முந்திவிடலாம். அப்படி முந்தக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

அக்டோபர் 4, அமெரிக்காவில் வாட்கின்ஸ் கிளென். தகுதி ஓட்டத்தில் முதல் இடம் யாருக்கு? இக்சுக்கு! ஆஸ்திரிய ரசிகர்களின் நெஞ்சு பதைத்தது.

பந்தயத்தின் நடுவே இக்சின் பெட்ரோல் குழாய் உடைந்தது. அதைச் சரி செய்து கொண்டு பின்தங்கிய இடத்திலிருந்து விரட்டி வந்தும் நாலாவது இடம்தான் கிடைத்தது. வென்றவர் ரிண்டின் லோட்டஸ் அணி வீரர் பிட்டிபால்டி. 23 வயது. அவர் ஓட்டிய நாலாவது கிராண்ட் பிரீ அது. இறந்த தலைவரின் பட்டத்தைக் கட்டிக் காத்தவர் அந்த இளைஞர்தான்.

இக்ஸ் 31. கடைசியாக மெக்சிகோவிலும் வென்று 40. ரிண்ட் 45.

இக்ஸ் இதற்காக வருந்தவில்லை. உயிரோடு இல்லாத ஒருவரை முந்திப் பெறும் பட்டம் தமக்கு இனிக்காது என்பதே அவர் எண்ணம். பந்தயத்தில் விட்டுக் கொடுக்காமல் ஓட்டியவர். தோற்றதில் நிம்மதி அடைந்தவர். அத்தகைய எதிரி கிடைப்பதும் ஒரு பேறுதான்.

நீனா வாங்கிய கோப்பை

நவம்பர் மாதம் பாரிசில், ரிண்டின் நண்பரும் முந்தைய ஆண்டு சாம்பியனுமான ஜாக்கி ஸ்டூவர்ட் கோப்பையை நீனாவிடம் கொடுத்தார். வீரர்களின் உயிருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று ஸ்டூவர்ட் தொடர்ந்து போராடினார். தடுப்புகளும் பட்டைகளும் கார்களும் மெல்ல மெல்ல மாறின.

ரிண்ட் ஓட்டிய கிராண்ட் பிரீ 60. வென்றது 6. தகுதி ஓட்டத்தில் முதல் இடம் 10. ஆஸ்திரியப் பந்தயப் பாதையில் ஒரு வளைவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1975-ல், நிக்கி லாடா என்ற மற்றோர் ஆஸ்திரியர் சாம்பியன் ஆனார்.

1961-ல் வேலிக்கு வெளியே நின்று தன் வீரருக்காகக் கைதட்டினார் ரிண்ட். அந்த வீரருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. 1970-ல் ரிண்டுக்காக வேலிக்கு வெளியே லட்சம் பேர் நின்றார்கள். அவர்களுடைய வீரருக்குப் பட்டம் கிடைத்தது. அதை வாங்கிக் கொள்ள அவர்தான் இல்லை.