விரல் நுனியில் பேசிய உள்ளம்

படிப்பு நேரத்தில் மணி அடித்து எங்கும் அமைதி நிலவும்போது, நாம் உண்மையிலேயே பேசாமல்தான் இருக்கிறோமா? உதடுகள் அசையவில்லை, ஆனால் உள்ளுக்குள் ஓயாத பேச்சு! வரலாற்று ஆண்டுகளை ஒப்பிக்கிறோம், தோழியிடம் சொல்ல மறந்ததைச் சொல்லிப் பார்க்கிறோம், நாளைய கணக்குத் தேர்வை எண்ணிப் புலம்புகிறோம். இவை அனைத்தும் சொற்களாலேயே நடக்கின்றன. அப்படியானால் ஒரு சொல்லும் அறியாத குழந்தை எதைக்கொண்டு நினைக்கும்? இக்கேள்விக்குத் தம் வாழ்வையே சான்றாக வைத்தவர் ஹெலன் கெல்லர் அம்மையார்.

அவர் அமெரிக்க நாட்டில் அலபாமா மாநிலத்தின் டஸ்கம்பியா என்ற சிற்றூரில் 1880ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் பிறந்தார். பத்தொன்பதாம் மாதத்தில் கண்ட கடும் நோய் அவரது பார்வையையும் செவியையும் ஒருங்கே பறித்துக்கொண்டது. அதன்பின் அக்குழந்தைக்கு எஞ்சியவை சைகைகளே. ரொட்டி வேண்டுமென்றால் அதை அறுத்து வெண்ணெய் தடவுவதுபோல் காட்டுவாள். ஐஸ்கிரீம் வேண்டுமென்றால் அதைச் செய்யும் பொறியைச் சுற்றுவதுபோல் கையைச் சுழற்றி, குளிரில் நடுங்கிக் காட்டுவாள். தான் நினைத்தது பிறருக்கு விளங்காவிட்டால் உதைத்து அழுது ஓய்வாள்.

அந்நாட்களில் தமக்கு எண்ணம் என்பதே இல்லை, தாம் இருப்பதையே தாம் அறியவில்லை என்று பிற்காலத்தில் அம்மையார் எழுதினார். இதைப் பற்றி எங்கள் வகுப்பில் பெரிய விவாதமே நடந்தது. ஐஸ்கிரீம் கேட்கத் தெரிந்தவளுக்கு எண்ணம் இல்லை என்பது எப்படி? ஆசை இருந்தது, கோபம் இருந்தது, நினைவும் இருந்தது. ஆனால் தன்னோடு தான் பேசிக்கொள்ள அவளுக்குள் ஒருவரும் இல்லை என்பதே எங்களுக்குத் தோன்றிய விளக்கம்.

1887ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், பாஸ்டன் நகரின் பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் பயின்ற ஆன் சலிவன் ஆசிரியையாக வந்து சேர்ந்தார். அவருக்கு வயது 20. அவரே கண்நோயால் வருந்தியவர். சிறுமியின் உள்ளங்கையில் விரல்களால் எழுத்துகளைக் காட்டிச் சொற்களைக் கற்பித்தார். ஹெலன் விளையாட்டாகத் திருப்பிச் செய்தாளே தவிர, பொருளுக்குப் பெயர் உண்டென்பதை அறியவில்லை. ஏப்ரல் 5ஆம் நாள் கிணற்றடிப் பம்பிலிருந்து கொட்டிய தண்ணீரில் ஒரு கையை நீட்டச் செய்து, மறு கையில் தண்ணீருக்குரிய ஆங்கிலச் சொல்லின் ஐந்து எழுத்துகளையும் எழுதினார் ஆசிரியை. அக்கணமே திரை விலகியது! அன்று காலையில்தான் பொம்மை ஒன்றைத் தரையில் வீசி உடைத்திருந்தாள். அப்போது வராத அழுகை, பெயர்களைக் கற்றபின் வீட்டுக்குள் வந்து அந்தத் துண்டுகளைத் தொட்டதும் வந்தது.

பம்படி நிகழ்ச்சியை யாவரும் அறிவர். எங்களை அதைவிட வியப்பில் ஆழ்த்தியது மணி கோத்த கதை. பெரிய மணி இரண்டு, சிறிய மணி மூன்று என்று வரிசைப்படுத்தக் கொடுத்திருந்தார் ஆசிரியை. சிறுமி தவறி, எப்படிக் கோப்பது என்று தயங்கியபோது, அவள் நெற்றியைத் தொட்டு, நினை என்னும் சொல்லைக் கையில் எழுதினார். தலைக்குள் அப்போது நடந்துகொண்டிருந்ததற்குத்தான் அந்தப் பெயர் என்று சிறுமி புரிந்துகொண்டாள். தொட முடியாத ஒன்றுக்கும் பெயர் உண்டு என அவள் அறிந்தது அன்றே. அதன்பின் அவளது உட்பேச்சு விரல்களிலே குடியேறியது. பெரியவளான பிறகும், தாழ்வாரத்தில் தனியே உலாவும்போது விரல்கள் தாமாகவே எழுத்துகளைக் காட்டிக்கொண்டிருக்குமாம். நம்மில் சிலர் உதடு அசைத்துப் படிப்பதில்லையா, அதுபோலத்தான்.

ஆனால் இந்த உட்பேச்சே அவருக்குப் பெருந்துயரையும் தந்தது. 1891ஆம் ஆண்டில் உறைபனி அரசனைப் பற்றி ஒரு கதை எழுதி, பெர்க்கின்ஸ் பள்ளித் தலைவர் மைக்கேல் அனக்னோஸுக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினாள். அது அச்சேறியதும், மார்கரெட் கேன்பி என்பவர் முன்பே எழுதிய கதையை அது பெரிதும் ஒத்திருப்பது தெரியவந்தது. சில ஆண்டுகளுக்கு முன் யாரோ அதைக் கையில் எழுதிக் காட்டியிருக்க வேண்டும்; சிறுமிக்கோ அது சற்றும் நினைவில்லை. உள்ளே ஒலித்த சொற்கள் எல்லாம் தன் சொற்களே என்று நம்பியிருந்தாள்.

1892இல் எட்டுப் பேர் கொண்ட குழு, ஆசிரியையை வெளியே அனுப்பிவிட்டு, பதினொரு வயதுச் சிறுமியைக் கேள்விமேல் கேள்வி கேட்டது. இது எங்களுக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. நாம் எழுதும் கட்டுரையில் எந்த வரி நமது, எந்த வரி எப்போதோ படித்தது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? குழுவில் வாக்குகள் சரிபாதியாய்ப் பிரிய, அனக்னோஸின் வாக்கு சிறுமிக்குச் சாதகமாயிற்று. எனினும் பழைய அன்பு நிலைக்கவில்லை. அன்றிரவு அவள் விடியுமுன் இறந்துவிடுவோம் என்றெண்ணி அழுதாளாம். கேன்பி அம்மையாரோ கோபிக்காமல் அன்போடு ஆறுதல் எழுதினார். ஆயினும் நெடுநாள் வரை, தாய்க்குக் கடிதம் எழுதும்போதுகூட, ஒவ்வொரு வாக்கியத்தையும் மீண்டும் மீண்டும் விரலில் எழுதிப் பார்த்து, இது எந்த நூலிலும் படித்ததல்லவே என்று அஞ்சினாள்.

அந்த அச்சத்தோடேயே எழுதினார். 1903இல் தன்வரலாறு நூலாக வந்தது. 1904இல் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். விரிவுரைகளை எல்லாம் கையில் எழுதிக் காட்டியவர் சலிவன் அம்மையாரே. 1955இல் ஹெலன் கெல்லர் நம் நாட்டுக்கும் வந்து நேருவைச் சந்தித்தார். ஆசிரியை 1936இல் மறைந்தார். மாணவி 1968 ஜூன் 1ஆம் நாள் தமது 87ஆம் வயதில் மறைந்தார். வாஷிங்டன் பேராலயத்தில் ஆசிரியையின் சாம்பல் வைக்கப்பட்ட இடத்திலேயே அவரது சாம்பலும் வைக்கப்பட்டது.