பத்தொன்பதரை நாட் பயணம்

பிரித்தானியாவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு எங்கும் இறங்காது செல்லும் பயணிகள் விமானம் 2018ஆம் ஆண்டிற் பறக்கத் தொடங்கிற்று. இலண்டனுக்கும் பேர்த் நகருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 14,500 கிலோமீற்றரை அது 17 மணி நேரத்திற் கடந்தது. 1930இல் இலண்டனை அடுத்த குறொய்டனிலிருந்து டார்வின் பட்டினம் வரை தனியே பறந்து சென்ற ஏமி ஜோன்சனுக்கோ பத்தொன்பதரை நாட்கள் தேவைப்பட்டன.

ஹல் துறைமுகத்து மீன் வணிகர் ஒருவரின் மகளாக 1903இல் பிறந்தவர் ஏமி. செபீல்டு பல்கலைக்கழகத்திற் பொருளியல் கற்றுப் பட்டம் பெற்றார். எனினும் இலண்டனிற் கிடைத்தது சட்டத்தரணிகள் அலுவலகமொன்றில் தட்டெழுத்து வேலையே. ஓய்வு நேரத்தில் விமானம் ஓட்டப் பழகினார்; அத்துடன் நில்லாது, கொட்டகைக்குட் புகுந்து, இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டவும் கற்றார். விமானப் பொறி வினைஞருக்கான அரசாங்க அனுமதிப் பத்திரத்தை 1929இற் பெற்ற அவரே அதனைப் பெற்ற முதற் பிரித்தானியப் பெண். அவரது புகழ் விமானியின் புகழாகவே பேசப்படுகிறது; அவரைக் காத்ததோ வினைஞரின் கைத்திறன் என்பேன்.

தந்தையும் எண்ணெய் வணிகரான வேக்பீல்டு பிரபுவும் உதவிய பணத்தில் பழைய மொத் விமானமொன்றை வாங்கி, அதற்கு ஜேசன் என்று பெயரிட்டார். திறந்த இருக்கை, வானொலி இல்லை. அதுவரை அவர் பறந்திருந்த மிக நீண்ட தூரம் இலண்டனிலிருந்து ஹல் வரையே! அவ்வனுபவத்துடன் 1930 மே 5ஆந் திகதி 11,000 மைற் பயணத்துக்குப் புறப்பட்டார்.

பக்தாதை அண்மிக்கையில் மணற்புயல் தாக்கவே, பாலைவனத்தில் இறங்கி, புயல் தணியும் வரை காத்திருந்தார். எனினும் ஆறாம் நாளிற் கராச்சியை அடைந்தார். 1928இல் பதினைந்தரை நாட்களில் அவுஸ்திரேலியாவை எட்டியிருந்த பேட் ஹிங்கிளரை, அவ்விடத்தில் இரண்டு நாட்களால் முந்தியிருந்தார். உலகப் பத்திரிகைகள் அப்பொழுதுதான் விழித்துக்கொண்டன.

முந்திய அந்த நாட்களை றங்கூன் பறித்தது. அங்கே விளையாட்டுத் திடலொன்றில் இறங்கிய விமானம் பள்ளத்திற் பாய்ந்தது. சிறகும் சுழலியும் உடைந்தன. அருகிலிருந்த தொழில்நுட்பக் கல்லூரியினரே சிறகைச் செப்பனிட உதவினர். ஆசிரியரும் மாணவரும் இதனை நினைவிற் கொள்ளலாம். பின்னர் சாவகத்தில் மூங்கில் முளைகள் சிறகுத்துணியைக் கிழித்தன. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் அவற்றை ஒட்டிக்கொண்டு பறந்தார்.

மே 24ஆந் திகதி டார்வினை அடைந்தபோது ஹிங்கிளரின் சாதனை முறியடிக்கப்படாமலே இருந்தது. ஆயினும் மக்கள் திரண்டு வரவேற்றனர், அரசு விருதளித்தது, பத்திரிகையொன்று 10,000 பவுண் வழங்கியது. நாட்கணக்கில் தோற்றவரை உலகம் வென்றவராகவே ஏற்றுக்கொண்டது.

1932இல் விமானி ஜிம் மொலிசனை மணந்தார். அவ்வாண்டிலேயே கேப் டவுனுக்குத் தனியே பறந்து கணவரின் சாதனையை முறியடித்தார். மணவாழ்வு 1938இல் முறிந்தது. போர்க்காலத்தில், தொழிற்சாலை விமானங்களை விமானத்தளங்களுக்கு ஓட்டிச் செல்லும் துணைப்படையிற் சேர்ந்தார்.

1941 ஜனவரி 5ஆந் திகதி பிளாக்பூலிலிருந்து ஒக்ஸ்போட்டுக்கு அருகிலுள்ள தளமொன்றுக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். வானிலையோ மிக மோசம். மூன்று மணி நேரத்துக்கும் மேலான பின், போகவேண்டிய இடத்துக்கு வெகு தொலைவில், தேம்ஸ் கழிமுகத்தில் அவரது விமானம் வீழ்ந்தது. காப்பாற்றக் குளிர்நீரிற் குதித்த கடற்படைக் கப்பற் தலைவர் வால்ற்றர் பிளெச்சரும் உயிரிழந்தார். ஏமியின் உடல் கிடைக்கவேயில்லை. அப்போது அவருக்கு வயது 37.