ஏர்ப்பாட்டைத் தேடிய துறவி

ஆர்மீனிய நாட்டுப்பாடல்களை அழியாது காத்த பெருமகனார் கோமிதாஸ். 1869ஆம் ஆண்டு உதுமானியப் பேரரசின் குத்தாயா நகரில் பிறந்த அவர், இளமையிலேயே பெற்றோரை இழந்தார். 1881இல் எச்மியாட்சின் மடத்துக் குருகுலத்தை அடைந்தபோது துருக்கி மொழியன்றித் தம் இனத்தார் மொழியைப் பேச அறியார். குரலினிமையே அவருக்கு இடம் பெற்றுத் தந்தது.

துறவு பூண்டபின் 1896 முதல் 1899 வரை பெர்லினில் இசை பயின்றார். ஆயினும் அவர் ஆசான்களாக மதித்தது உழவரையே. ஊரூராகச் சென்று ஏர்ப்பாட்டையும் தாலாட்டையும், கைகோத்து வட்டமிட்டு ஆடுவோர் பாட்டையும் கேட்டெழுதினார். தொழிலையும் ஆட்டத்தையும் விட்டுப் பிரித்தால் பாட்டு உயிரிழக்கும் என்பது அவர் கண்ட உண்மை. அவர் திரட்டியவை 3000க்கும் மேல் என்பர்.

1915 ஏப்ரல் 24இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் கைதாகி நாடுகடத்தப்பட்டார். விரைவில் விடுதலை பெற்றும், தம் இனத்தின் பேரழிவு அவர் மனத்தைச் சிதைத்தது. ஏடுகள் பல தொலைந்தன; எஞ்சியவை ஏறத்தாழ 1200. 1935இல் பாரிஸ் அருகே மருத்துவமனையில் மறைந்தார்.

நம் மலையகத் தோட்டப் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தார். அவர் செவிக்கு எட்டாதவை இன்னும் முதியோர் நாவில் உள. பலாபத்வல முதலாய மாத்தளை ஊர்களின் மாணவர், அவை அடங்குமுன் அருகமர்ந்து கேட்டெழுதுவாராக.