திசை திரும்பிய ஆறு

வைகை ஆண்டின் பெரும்பகுதி மணற்படுகையாகக் கிடக்கும் ஆறு. அதை நம்பியே மதுரை, இராமநாதபுரம் சீமைகளின் கண்மாய்கள் இருந்தன. கண்மாய் வற்றினால் ஊர் வெறிச்சோடும். 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சத்தில் எண்ணற்றோர் மடிந்தனர்; பலர் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் புறப்பட்டனர். அதே வேளையில், மலையின் மறுபக்கம் பெரியாறு வெள்ளமாய் ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்தது.

அந்நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் புதிதன்று. இராமநாதபுரம் சமஸ்தான அமைச்சர் முத்திருளப்பபிள்ளை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதற்கு வழி தேடினார்; பொருளின்மையால் முயற்சி நின்றது. பின்வந்த ஆங்கிலேய அதிகாரிகள் சிலர் இயலாதெனக் கைவிட்டனர்.

1882இல் அப்பணி ஜான் பென்னிகுயிக்கிடம் வந்தது. அவர் 1841 சனவரி 15இல் பூனாவில் பிறந்தவர். எட்டு வயது நிறைய இரண்டு நாள் இருக்கையில், தந்தையும் அண்ணனும் சில்லியன்வாலாப் போரில் ஒரே நாளில் மாண்டனர். அவரும் படையையே சேர்ந்தார், ஆனால் பொறியாளராக.

1886இல் திருவிதாங்கூருடன் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறு ஆண்டு வேலை தொடங்கியது. சாலையற்ற காடு, யானைக் கூட்டம், விடாத மழை. ஆற்றைத் தடுத்து நிறுத்தினால்தான் அடித்தளம் இடமுடியும். அதற்காக எழுப்பிய தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துச் சென்றது. பல மாத உழைப்பு ஓரிரவில் மறையும். மறுநாள் முதலிலிருந்து தொடங்கவேண்டும். காய்ச்சலும் காலராவும் தொழிலாளரை வாரிக்கொண்டன.

பென்னிகுயிக் தம் சொத்துகளை விற்று அணையை முடித்தார் என்னும் செய்தி கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் வழங்குகிறது. அணைக்குச் செலவிட்டது சென்னை மாகாண அரசே. எனினும், எத்தனை முறை இடிந்தாலும் மலையை விட்டு இறங்காத ஒருவரைக் கண்ட மக்கள் அவ்வாறு நம்பியதில் வியப்பில்லை.

சுண்ணாம்பும் சுர்க்கியும் கருங்கல்லும் கொண்டு அணை உயர்ந்தது. நீரைக் கிழக்கே கொணர மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டினர். 1895 அக்டோபரில் பெரியாற்று நீர் அதன் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையோடு கலந்து மதுரை, மேலூர் வயல்களை அடைந்தது.

பென்னிகுயிக் 1911இல் இங்கிலாந்தில் காலமானார். தேனி மாவட்டத்தில் பல வீடுகளில் அவர் படம் மாட்டப்பட்டுள்ளது; அவர் பிறந்தநாளில் பொங்கல் வைக்கின்றனர்; பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகின்றனர். அணையின் அருகே ஓர் இடுகாடு உள்ளது. கட்டுமானப் பணியில் உயிர்நீத்தோர் அங்கே உறங்குகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பெயர்களை இன்று எவரும் அறியார்.