விஷவாயுவுக்கு உதவக்கூடாது என ஆய்வையே கைவிட்ட விஞ்ஞானி: யார் இந்த ரிச்சர்ட்சன்?

குளிர்காலம் வந்தாலே டெல்லி புகைமூட்டம் செய்தியாகிவிடும். புகையின் அளவு மட்டுமே அதற்குக் காரணம் இல்லை. தரையிலிருந்து கிளம்பும் புகை எவ்வளவு உயரம் வரை காற்றோடு கலந்து பரவ முடியும் என்பதும் முக்கியம். இதைத்தான் கலப்பு அடுக்கு உயரம் என்கிறார்கள். வெயில் காயும் பகலில் இது 1 கிலோமீட்டரைத் தாண்டும். குளிர்ந்த இரவில் சில நூறு மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். இந்த உயரத்தைக் கணக்கிட உதவும் ஓர் எண்ணுக்கு லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சனின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஆம்புலன்ஸ் ஓட்டிய கணித மேதை

1881-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்தவர் ரிச்சர்ட்சன். போரை ஏற்காத குவேக்கர் குடும்பம். 1916-ல் பிரிட்டன் வானிலைத் துறை வேலையை விட்டுவிட்டு, பிரான்ஸ் போர்முனையில் ஆம்புலன்ஸ் ஓட்டப் போனார்.

ஓய்வு நேரத்தில், வானிலையைக் கணக்குப் போட்டே முன்கூட்டிச் சொல்ல முயன்றார். 1910 மே 20-ம் தேதியின் தரவுகளை எடுத்துக்கொண்டார். 6 மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என விடை வந்தது. உண்மையில் அழுத்தம் கிட்டத்தட்ட மாறவே இல்லை! 1917 சண்டையில் தொலைந்துபோன கையெழுத்துப் பிரதி, பல மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. தோல்வியை மறைக்காமல் 1922-ல் புத்தகமாக வெளியிட்டார். இன்றைய கணினி வானிலை முன்னறிவிப்புக்கு அடித்தளம் அதுதான்.

அந்த எண் என்ன சொல்கிறது?

உயரத்துக்கு உயரம் காற்றின் வேகம் மாறினால், சுழல்கள் உருவாகிக் காற்று கலக்கும். கீழே குளிர்ந்த, கனமான காற்றும் மேலே சூடான காற்றும் இருந்தால் கலப்பு அடங்கிவிடும். இரண்டில் எது பலம் என்பதைச் சொல்வதுதான் ரிச்சர்ட்சன் எண். வானிலை பலூன் அளந்து அனுப்பும் வெப்பநிலை, காற்று வேகத்தை வைத்து, தரையிலிருந்து படிப்படியாக மேலே கணக்கிட்டுக்கொண்டே போவார்கள். எண் சுமார் 0.25-ஐத் தாண்டும் இடமே கலப்பு அடுக்கின் கூரை.

ஏன் கைவிட்டார்?

1920-ல் வானிலைத் துறை விமானப்படை அமைச்சகத்தின் கீழ் போனது. ரிச்சர்ட்சன் ராஜினாமா செய்தார். காற்று எப்படிக் கலக்கிறது என்று தெரிந்தால், விஷவாயு எப்படிப் பரவும் என்பதும் தெரிந்துவிடும். விஷவாயு நிபுணர்கள் தன் ஆய்வில் ஆர்வம் காட்டியதும் வானிலை ஆய்விலிருந்தே விலகினார். வெளியிடாத ஆய்வுகளை அவர் அழித்துவிட்டதாக மனைவி பின்னர் நினைவுகூர்ந்தார்.

அதன்பின், போர்கள் ஏன் மூள்கின்றன என்பதற்குக் கணக்குப் போடுவதிலேயே பல ஆண்டுகளைச் செலவிட்டார். 1953-ல் மறைந்தார். கொலைக்கு உதவிவிடுமோ என்று அவர் பயந்த அதே கணக்கு, மூச்சுத்திணற வைக்கும் புகைமூட்டத்தை முன்கூட்டியே எச்சரிக்க இன்று உதவுகிறது.