ஏழாவது தோட்டாவில் மட்டும் சிக்கிய ரைபிள்: ஜான் கேரண்ட் கோளாறுகளைச் சரிசெய்த கதை

டெஸ்ட் பண்ணும்போது எல்லாம் நல்லா ஓடுது. கஸ்டமர் கைக்குப் போனதும் நின்னுடுது. ஐ.டி-யில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. 1939-ல் அமெரிக்க ராணுவத்துக்கும் இதே தலைவலி வந்தது. ஆனால் அங்கே நின்றுபோனது ஒரு ஆப் இல்லை, ராணுவ வீரரின் கையில் இருந்த ரைபிள்.

அந்த ரைபிளின் பெயர் எம்1 கேரண்ட். எட்டுத் தோட்டாக்கள் போடலாம். ஆறு குண்டுகள் பிரச்னையே இல்லாமல் போகும். ஏழாவதில் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். அது ஏன் ஏழாவதில் மட்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டிய பொறுப்பு, அதை வடிவமைத்த ஜான் கேரண்ட் தலையில் விழுந்தது.

யார் இந்த ஜான் கேரண்ட்?

1888 ஜனவரி 1-ம் தேதி, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் பேசியது பிரெஞ்சு. அம்மா இறந்த பிறகு, அப்பா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஒரு ஜவுளி ஆலையில் தரை கூட்டும் பையனாகச் சேர்ந்தார் ஜான். ஆங்கிலம் கற்றதும் வேலை பார்த்துக்கொண்டேதான்.

ஆலையில் இருந்த இயந்திரங்கள் அவரை இழுத்தன. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, 18 வயதுக்குள் மெஷினிஸ்ட் ஆகிவிட்டார். பிறகு ரோட் ஐலண்டில் கருவிகள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை. பொறியியல் பட்டம் எதுவும் கிடையாது. லேத்தும் அரமும்தான் அவருக்குக் கல்லூரி.

முதல் உலகப் போர் சமயத்தில் அவர் வடிவமைத்த ஒரு இலகு இயந்திரத் துப்பாக்கி ராணுவத்தின் கண்ணில் பட்டது. போர் முடிந்துவிட்டதால் அந்தத் துப்பாக்கிக்கு வேலை இல்லாமல் போனது. ஆனால் அதைச் செய்த ஆளை அரசு விடவில்லை. 1919-ல் மாசசூசெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி என்ற அரசு ஆயுதத் தொழிற்சாலையில் சேர்ந்தார். அடுத்த 34 வருஷமும் அங்கேதான்.

செமி ஆட்டோமேட்டிக் என்றால் என்ன?

அந்தக் காலத்து ரைபிள்களில் ஒவ்வொரு குண்டு சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். காலி உறை வெளியே வரும், அடுத்த தோட்டா உள்ளே போகும். அந்த நேரத்தில் குறி கலைந்துவிடும்.

செமி ஆட்டோமேட்டிக்கில் இந்த வேலையை ரைபிளே செய்துகொள்ளும். குண்டு வெளியேறும்போது உருவாகும் வாயுவில் கொஞ்சத்தைப் பிடித்து, அந்த அழுத்தத்தால் ஒரு தண்டைப் பின்னால் தள்ளினால், அது போல்ட்டைத் திறந்துவிடும். ஸ்பிரிங் அதைத் திரும்ப மூடும். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு, அவ்வளவுதான்.

கேட்க ஈசியா இருக்கு. ஆனால் இவ்வளவும் ஒரு விநாடிக்குள் நடந்து முடிய வேண்டும். தோட்டா, வாயு, ஸ்பிரிங், போல்ட், கிளிப் என எதில் ஒன்று பிசகினாலும் ரைபிள் நின்றுவிடும்.

முதல் கோளாறு: தோட்டாவே மாறிப்போனது

கேரண்ட் ஆரம்பத்தில் வாயுவை நம்பவில்லை. தோட்டாவின் அடியில் இருக்கும் ப்ரைமர், சுடும்போது லேசாகப் பின்னுக்கு நகரும். அந்தச் சின்ன அசைவையே வைத்துப் போல்ட்டைத் திறந்தார். புத்திசாலித்தனமான யோசனைதான். ஆனால் 1920-களின் நடுவில் ராணுவம் புதுத் தோட்டாவுக்கு மாறியது. அதில் ப்ரைமரை நகராதபடி இறுக்கிப் பொருத்தினார்கள். பல வருஷ உழைப்பு அதோடு முடிந்தது. கேரண்ட் வாயுவால் இயங்கும் முறைக்கு மாறினார்.

அடுத்த அடி 1932-ல் விழுந்தது. ஜான் பெடர்சன் என்ற இன்னொரு வடிவமைப்பாளரோடு நடந்த போட்டியில், .276 என்ற சிறிய அளவு தோட்டாவுக்காக கேரண்ட் செய்த ரைபிளைத்தான் சோதனைக் குழு பரிந்துரைத்தது. ஆனால் ராணுவத் தலைமைத் தளபதி டக்ளஸ் மெக்கார்தர் புதுத் தோட்டாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பொருளாதார மந்தநிலை வாட்டிய காலம் அது. பழைய .30 அளவுத் தோட்டாக்களோ கிடங்குகளில் குவிந்து கிடந்தன.

நல்லவேளையாக, கேரண்ட் .30 அளவிலும் ஒரு மாதிரி செய்து வைத்திருந்தார். சோதனையில் அதன் போல்ட் விரிசல் விட்டிருந்தது. அதைத் திருத்தி மேம்படுத்தியதுதான் பின்னால் எம்1 ஆனது. 1936 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் அதை அதிகாரபூர்வ ரைபிளாக ஏற்றது.

இரண்டாவது கோளாறு: துளை போடக் கூடாது என்ற கட்டுப்பாடு

வாயுவைப் பிடிக்க எளிய வழி, குழலில் சின்னதாக ஒரு துளை போடுவது. ஆனால் நல்ல குழலில் துளை போடுவதை ராணுவ அதிகாரிகள் விரும்பவில்லை. அதனால் குழலின் நுனியில் ஒரு மூடி போன்ற அமைப்பை மாட்டி, குண்டு வெளியேறிய பிறகு வரும் வாயுவை அதில் பிடித்தார்கள்.

விளைவு? அந்த நுனிப் பகுதி லூசாகும். குறி பார்க்கும் முனையும் அதே பகுதியில்தான் இருந்தது. அது அசைந்தால் குறியும் தப்பும். உள்ளே கரி படியும், சுத்தம் செய்வதும் கஷ்டம்.

கடைசியில் அந்தக் கட்டுப்பாட்டையே கைவிட்டார்கள். குழல் நுனிக்குக் கொஞ்சம் முன்னால், கீழ்ப்பக்கமாக ஒரு துளை போடப்பட்டது. 1940-ல் புது அமைப்பு உற்பத்திக்கு வந்தது. அதற்குள் பழைய முறையில் சுமார் 50,000 ரைபிள்கள் தயாராகியிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை பிறகு புதிய முறைக்கு மாற்றப்பட்டன.

மூன்றாவது கோளாறு: அந்த ஏழாவது தோட்டா

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. மாதிரிக் கூடத்தில் கையால் செய்த ரைபிள்களில் இந்தக் கோளாறு இல்லை. தொழிற்சாலையில் இருந்து வரிசையாக வந்த ரைபிள்களில்தான் ஏழாவது தோட்டா சிக்கியது.

வடிவமைப்பு தப்பு என்றால் இரண்டிலும் சிக்க வேண்டும். தோட்டா தப்பு என்றால் ஏழாவதை மட்டும் தேடிப் பிடித்துச் சிக்காது. அப்படியானால் மாதிரிக்கும் உற்பத்திக்கும் நடுவில் எங்கேயோ ஏதோ மாறியிருக்கிறது.

பார்த்தால், மாறியது மிகச் சின்ன விஷயம். ரைபிளின் மையப் பகுதியான ரிசீவருக்குள், கிளிப்புக்கும் தோட்டாவுக்கும் பிடிமானம் தரும் மெல்லிய விளிம்பு ஒன்று இருக்கும். பெருமளவு உற்பத்திக்கான வெட்டும் வேலையில் அந்த விளிம்பு தேவைக்கு மேல் வெட்டப்பட்டுக் குட்டையாகிவிட்டது. கிளிப் நிறைய தோட்டா இருக்கும்வரை அவை ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். கடைசி இரண்டு மட்டும் மீதம் இருக்கும்போது அந்தத் தாங்கல் கிடையாது. ஏழாவது கோணலாகி, உள்ளே நேராகப் போகாமல் சிக்கிவிடும்.

தீர்வு எளிமையானது. புது ரிசீவர்களில் விளிம்பை நீளமாக விட்டார்கள். ஏற்கெனவே செய்தவற்றில் வெல்டிங் வைத்து, குறைந்த உலோகத்தைத் திரும்பச் சேர்த்தார்கள். மொத்த ரைபிளையும் மாற்றி வடிவமைக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

ஊரே ஏன் திட்டியது?

கோளாறுகள் சரியாகிக்கொண்டிருந்தபோதே, வெளியே பெரிய சர்ச்சை வெடித்திருந்தது. 1940-ல் பத்திரிகைகள் இந்த ரைபிளைக் கடுமையாக விமர்சித்தன. மெல்வின் ஜான்சன் என்பவர் செய்த போட்டி ரைபிளுக்கு ஆதரவு திரண்டது. விவகாரம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது. ஐரோப்பாவில் போர் ஆரம்பித்துவிட்ட நேரத்தில், தப்பான ரைபிளைத் தேர்ந்தெடுத்துவிட்டோமோ என்ற பயம் நியாயமானதுதான்.

அந்த வருஷக் கடைசியில் மரைன் படை தனியாகச் சோதனை நடத்தியது. சேறு, உப்புத் தண்ணீர் என்று கொடுமையான நிலைமைகளில், கையால் இழுக்கும் பழைய ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளே தாக்குப்பிடித்தது. கேரண்ட் அங்கே தடுமாறியது. ஆனால் செமி ஆட்டோமேட்டிக்குகளில் அதுவே மேல் என்று முடிவாகி, மரைன் படையும் அதை எடுத்துக்கொண்டது.

இன்னொரு பிரச்னை மழையில் தெரிந்தது. தொடர்ந்து மழை பெய்தால் எண்ணெய் கழுவப்பட்டு, உலோகத்தோடு உலோகம் உரசி, போல்ட் இறுகிவிடும். இதற்கு எந்தப் பாகத்தையும் மாற்றவில்லை. தண்ணீரில் கரையாத கெட்டியான கிரீஸைப் பயன்படுத்தினார்கள். அதை ஒரு குட்டி டப்பாவில் அடைத்து, ரைபிளின் பின்கட்டைக்குள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள்.

நம் நாட்டுக்கும் இப்படி ஓர் அனுபவம் உண்டு. 1999 கார்கில் போரின்போது, உறைபனிக் குளிரில் இன்சாஸ் ரைபிளின் பிளாஸ்டிக் மேகஸின்கள் விரிசல் விட்டதாகச் செய்திகள் வந்தன. ஆயுதம் எந்த இடத்தில் பயன்படப்போகிறதோ, அந்த இடத்தின் நிலைமையில் சோதிக்காவிட்டால் குறை போர்க்களத்தில்தான் தெரியவரும்.

கேரண்டுக்கு என்ன கிடைத்தது?

இரண்டாம் உலகப் போரில், தன் தரைப்படைக்கு செமி ஆட்டோமேட்டிக்கை வழக்கமான ரைபிளாகக் கொடுத்த ஒரே பெரிய நாடு அமெரிக்காதான். போர் முடிவதற்குள் சுமார் 40 லட்சம் எம்1-கள் தயாராகின. 1957-ல் உற்பத்தி நின்றபோது மொத்தம் 54 லட்சத்துக்கும் அதிகம். ரைபிளை மட்டுமல்ல, அதைத் தயாரிக்கும் இயந்திரங்கள் பலவற்றையும் கேரண்டே வடிவமைத்திருந்தார்.

ஒரு ரைபிளுக்கு ஒரு டாலர் ராயல்டி வாங்கியிருந்தாலும் கோடீஸ்வரர் ஆகியிருக்கலாம். ஆனால் அவர் அரசு ஊழியர். காப்புரிமையை அரசுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, மாதச் சம்பளத்தில் வாழ்ந்தார். அவருக்கு 1,00,000 டாலர் வழங்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. அது நிறைவேறவே இல்லை. 1944-ல் மெடல் ஃபார் மெரிட் என்ற உயரிய விருது கிடைத்தது.

1953-ல் ஓய்வுபெற்றார். 1974 பிப்ரவரி 16-ம் தேதி, தன் 86-வது வயதில் அதே ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் காலமானார். அவர் வேலை பார்த்த தொழிற்சாலை 1968-லேயே மூடப்பட்டு, இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.